நிறம் மாறாத பட்டை

மூட்டையின் மேல் ஒட்டியிருந்த நாடாவில் கறுப்புக் கோடுகள் தெளிவாக விழுந்திருந்தன. ஆதலால் அக்கா யாதோர் ஐயமுமின்றி அதைப் பிரித்தார். தேவாலயத்தின் இலவசப் பல் மருத்துவ முகாம் மறுநாள். அதற்குரிய பல் பிடுங்கும் குறடுகளை இப்போதே பையில் அடுக்கிவிட வேண்டும். இரண்டாம் உறையை விலக்கியதும் அவர் கை அப்படியே நின்றது. கருவிகளின் நடுவே வைத்த காகிதப் பட்டை, வைத்தபோது இருந்த அதே வெளிர்மஞ்சளாகவே இருந்தது.

மருத்துவமனையின் அந்தக் கருவிச் சுத்திகரிப்பு அறையில் வேலை பார்ப்போர் எவருக்கும் இதன் பொருள் தெரியும். வெளிநாடா கறுத்தால் மூட்டை வெப்பத்துக்குள் போய் வந்தது என்று மட்டுமே கொள்ளலாம். உள்ளே வைத்த பட்டை கறுத்தால்தான் நீராவி கருவிவரை சென்று கிருமியைக் கொன்றது என்று நம்பலாம்.

"என்னக்கா, சிலை மாதிரி நிக்கறீங்க?" என்று கழுவும் தொட்டிப் பக்கமிருந்து குரல் வந்தது. கேட்டவன் கிருபை.

கிருபை என்பது அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. குடியில் விழுந்து கிடந்தவன், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தேவாலயத்துக்குள் தள்ளாடியபடி நுழைந்து, அன்றோடு திருந்தியவன். மழை பெய்தாலும் கிருபை என்பான், விட்டாலும் கிருபை என்பான், அதுவே பெயராகிவிட்டது. அக்காவும் அதே சபையைச் சேர்ந்தவர்தாம். ஆனால் முப்பதாண்டுப் பணியில் ஒரு நாளும் தாமதமாக வந்தறியாதவர். நோயாளரைப் பார்ப்பது, முதியோருக்குத் துணி சேர்ப்பது, மாதந்தோறும் இம்முகாம் என்று சபையின் எந்த நற்செயலும் அவர் கை படாமல் நடந்ததில்லை. இருவருக்கும் இது குறித்து ஓயாத வழக்கு. அன்று காலையிலும் நடந்தது.

"கிருபை, கிருபைங்கறியே, அது வந்து கத்திரிக்கோலைக் கழுவித் தருமா? செயல் இல்லாத விசுவாசம் வெறும் பிணம்ப்பா."

"பிணமாக் கிடந்தவனைத்தானேக்கா எழுப்பி விட்டாங்க. எழுந்த பிறகுதானே கத்திரிக்கோலைப் பிடிச்சேன்."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்!"

அந்தச் சிரிப்போடுதான் அக்கா நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரத்தை நிரப்பினார். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு கை நுழையுமளவு இடம் விட வேண்டும் என்ற விதியைச் சுவரில் எழுதி ஒட்டியவரே அவர்தாம். அன்று இயந்திரம் நிறைந்திருந்தது. முகாம் மூட்டைக்கு இடமில்லை. ஏழைகளுக்காகச் செய்வது, ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று எண்ணி, வயிற்று அறுவைக்கான பெரிய மூட்டையோடு அதை நெருக்கித் திணித்துக் கதவை அழுத்திச் சாத்தினார். கையுறை ஈரமாயிருந்தபடியால், "ஏத்தினவர்ங்கற இடத்துல நீயே ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்றார். கிருபையும் கேள்வி கேளாமல் பதிவேட்டில் கையெழுத்திட்டான்.

இப்போது அக்காவின் கண் அலமாரிக்குத் தாவியது. இதோடு நெருக்கி ஏற்றிய பெரிய மூட்டையை வைத்திருந்த தட்டு காலியாயிருந்தது.

"அந்தப் பெரிய செட்டு எங்கப்பா?"

"கால்மணி ஆச்சே, தியேட்டருக்குப் போயிடுச்சு. குடல் முறுக்கிக்கிட்டு ஒரு தையல்காரம்மா வந்திருக்காங்க இல்ல? உடனே வயித்தைத் திறக்கணுமாம்."

அக்கா மஞ்சள் பட்டையை உயர்த்திக் காட்டினார். கிருபையின் கையிலிருந்த தூரிகை தொட்டிக்குள் விழுந்தது.

மூட்டையைப் பிரிக்கும் செவிலியர் உள்பட்டையைப் பார்த்த பின்னரே கருவியைத் தொட வேண்டும் என்பது விதி. அவசரத்தில் பாராமலே எறிந்துவிடுவதும் உண்டு. அதைப் பற்றி இருமுறை புகார் எழுதியவரும் அக்காவே. அவர் தொலைபேசியை எடுத்தார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. எவரும் எடுக்கவில்லை. மீண்டும் சுழற்றினார். அப்போதுதான் மேசைமேல் விரிந்து கிடந்த பதிவேடு கண்ணில் பட்டது. ஏற்றியவர்: கிருபையின் கோணல் கையெழுத்து.

மூன்று திங்களுக்கு முன், ஒரு பொட்டலத்தில் தேதி எழுத மறந்தான் என்று அவன்மேல் எழுத்தில் புகார் கொடுத்தவர் அக்கா. 'விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி' என்றும் சொல்லியிருந்தார். இன்னொரு தவறு நேர்ந்தால் அவனுக்கு வேலை இல்லை.

அவர் பார்வை போன இடத்தைக் கிருபையும் பார்த்துவிட்டான்.

"முதல்ல மேல ஓடுங்கக்கா! யார் ஏத்தினதுன்னு கேட்டா, புஸ்தகத்துல இருக்கறதையே சொல்லிடுங்க. எனக்குத்தான் ஏற்கெனவே கெட்ட பேராச்சே."

"உனக்கு வேலை போயிடும்டா."

"உங்க முப்பது வருஷம் போறதுக்கு அது தேவலை. பேசிட்டு நிக்காதீங்க, ஓடுங்க!"

மின்தூக்கியில் ஒரு கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா படிக்கட்டில் ஓடினார். 'நான் பொய் சொல்லப் போவதில்லையே. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமே' என்று முதல் மாடித் திருப்பத்தில் ஓர் எண்ணம் வந்தது. இரண்டாம் மாடி ஏறியும் அது கூடவே வந்தது.

அறுவை அரங்கின் கண்ணாடிக்கப்பால் அந்தப் பெண் மயக்கத்தில் கிடந்தாள். பச்சைத் துணியின் நடுவே வயிறு மட்டும் தெரிந்தது. மூட்டை பிரிக்கப்பட்டுக் கருவிகள் வரிசையாயிருந்தன. மருத்துவர் கையை நீட்டினார்; செவிலியர் கத்தியை எடுத்தார். அக்கா இரு கைகளாலும் கண்ணாடியை அறைந்தார்.

"தொடாதீங்க! அந்தச் செட்டு சுத்தமாகலை! உள்ள இருக்கற பட்டையைப் பாருங்க!"

உள்ளே எல்லாரும் திரும்பினர். ஒருத்தி கீழே கிடந்த உறையைக் கிளறிப் பட்டையைத் தூக்கிப் பிடித்தாள். மஞ்சள். மருத்துவர் இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு பின்வாங்கினார்.

"வேற செட்டு எங்கே? அந்தம்மாவுக்கு நேரமில்லை!"

அப்போதுதான் அக்காவுக்குத் தாம் வெறுங்கையாய் ஓடி வந்தது உறைத்தது. அறையிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கி வரும் எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி ஓட எத்தனித்தபோது படிக்கட்டில் தடதடவென்று ஓசை கேட்டது. நேற்றைய சுற்றில் சுத்தமான பெரிய மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, கிருபை மூச்சிரைக்க வந்து நின்றான். மூட்டை உள்ளே போயிற்று. பிரித்தார்கள். பட்டை கறுத்திருந்தது. கதவு மூடிக்கொண்டது.

அதற்குள் கூச்சல் கேட்டுக் கண்காணிப்பாளர் அம்மையார் வந்துவிட்டார். கிருபையின் கக்கத்திலிருந்த பதிவேட்டை உருவிப் புரட்டினார்.

"நீயா? ரெண்டாவது தடவை! ஒரு உயிர்ப்பா அது!"

கிருபை தலையைக் குனிந்தான். "ஆமா மேடம்."

தாழ்வாரத்தில் வேறு எவருமில்லை. பதிவேட்டில் உள்ளது அவன் பெயர், ஒப்புக்கொண்டதும் அவனே. அவர் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. கண்காணிப்பாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அவன் இல்லை மேடம்" என்றார் அக்கா. தம் குரலே தமக்கு அந்நியமாய் ஒலித்தது. "கையெழுத்துத்தான் அவனோடது. அதையும் நான் சொல்லித்தான் போட்டான். ஏத்தினது நான். சர்ச் மூட்டையைக் கொண்டுவந்து இடமில்லாத இடத்துல திணிச்சதும் நான்தான். சர்ச் கருவிங்களை இங்க சுத்தம் பண்றதை ரொம்ப வருஷமா யாரையும் கேட்காமத்தான் செஞ்சுட்டு வரேன்."

"நீங்களா?" என்றார் கண்காணிப்பாளர். வசையைவிட அந்த ஒரு சொல் அதிகமாய்ச் சுட்டது. பிறகு, "திங்கட்கிழமை விசாரணை. அதுவரைக்கும் மெஷின் பக்கம் போகாதீங்க. தொட்டியில வேலை பாருங்க" என்று சொல்லிப் போனார்.

அந்தப் பெண்ணை நல்லபடியாக வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற செய்தி பிற்பகலில் வந்தது. அக்கா தொட்டியருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் குறட்டு மூட்டை பிரித்தபடியே கிடந்தது. கிருபை தன் ரப்பர்க் கையுறைகளைக் கழற்றி அவர் முன் வைத்தான்.

"உன்மேல அன்னிக்குப் புகார் எழுதினேனே" என்றார் அக்கா, அவன் முகத்தைப் பாராமல். "என்னை மன்னிச்சிடுப்பா."

"அதை நான் அன்னிக்கே விட்டுட்டேனேக்கா."

"நான் கேட்கவே இல்லையே?"

"கேட்டாத்தான் குடுக்கணும்னு சொல்றதுக்கு அது என்ன லீவு லெட்டரா?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது. "நாளைக்கு முகாமுக்கு இந்தக் குறடு ஒண்ணும் உதவாது. போதகரய்யா முகத்துல எப்படி முழிப்பேன்? வெறுங்கையோட நான் சர்ச்சுக்குப் போனதே இல்லை" என்றார்.

"நான் பன்னெண்டு வருஷமா அப்படித்தான்கா போறேன்" என்றான் கிருபை. "இதுவரைக்கும் உள்ளே விட்டுட்டுத்தான் இருக்காங்க."

அக்கா கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். அவருக்கு அவை பெரியவை. விரல்நுனிகள் தொளதொளவென்று தொங்கின. குறடுகளை ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் இட்டு, முதலிலிருந்து கழுவத் தொடங்கினார்.