எட்டு மூலைக் கறுப்பு முத்திரை

என் மகள் சுலேமாவுக்கு ஐந்து வயது. எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் தெரியாது. ஆனால் என் கடையில் இருக்கும் பாக்கெட்டுகளை எல்லாம் அவள் படித்துவிடுவாள். கோமல்கால்கோ என்ற எங்கள் ஊரில், பாலர் பள்ளிக்கு எதிரே, எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நேராக அலமாரிக்கு வந்து, ஒவ்வொன்றையும் முன்பக்கம் தெரியும்படி திருப்பி வைப்பாள்.

“அம்மா, இதுல மூணு முத்திரை. சர்க்கரை அதிகம், உப்பு அதிகம், கொழுப்பு அதிகம். இத ஏம்மா விக்கிற?”

காசை நீட்டிக்கொண்டு நிற்பவர்கள் காதில் விழும்படி கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

“உனக்கு ஷூ வாங்கத்தான்டி விக்கிறேன். போய்க் கைகால் கழுவு.”

என் கொழுந்தன் எவெலியோ கோலா பாட்டிலும் கையுமாகச் சுவரில் சாய்ந்து சிரிப்பான். “அண்ணி, உங்க கடைய மூட வெளியிலிருந்து எவனும் வரவேணாம். வீட்டுக்குள்ளயே ஆள் ரெடி.”

வாய் திட்டினாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. படிக்கத் தெரிந்த நாங்களெல்லாம், அரசு பாக்கெட்டுகளில் அச்சிட வைத்திருக்கும் அந்த எட்டு மூலைக் கறுப்பு முத்திரையைப் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் போய்க்கொண்டிருந்தோம்.

இதைச் சொல்லிக்கொடுத்தவள் நோயெமி என்ற சத்துணவு டீச்சர். எடை கூடின பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் வெள்ளிதோறும் பள்ளி முற்றத்தில் உட்கார வைத்து வகுப்பு எடுப்பாள். ஹிக்காமாக் கிழங்கை நறுக்கி எலுமிச்சை பிழிவோம். கொக்கோவும் சோளமாவும் கரைத்த பொசோலைச் சர்க்கரை போடாமல் குடிப்போம். முதல் நாள் என் முகம் கோணியது; சுலேமா இரண்டு குவளை குடித்தாள்.

‘குண்டு’ என்ற சொல்லுக்கு நாங்கள் யாரும் முகம் சுளிப்பதில்லை. என் கணவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருக்கும் எவெலியோவைக்கூட அவன் அம்மா ‘குண்டா’ என்றுதான் கொஞ்சுவாள். அதனால் சுலேமாவும் குண்டு என்றால் ஓடி வருவாள். அவளைக் குத்தியது வேறொரு சொல்.

ஏப்ரலில் ஒருநாள் எடை பார்த்துவிட்டு நோயெமி என்னிடம் சொன்னாள்: “எடை அதிகம்தான். பயப்படாதீங்க. அவளப் பட்டினி மட்டும் போடாதீங்க. எடை அப்படியே நிக்கட்டும், அவ உயரமா வளரட்டும், சரியாயிடும்.” சுலேமா எடைக் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை என்று இருவருமே நினைத்துவிட்டோம்.

அதன்பிறகு பெண் சுருங்கிவிட்டாள். அன்னையர் தினத்துக்கு முன்வரிசையில் ஆட அவளைத்தான் நிறுத்தியிருந்தார்கள். பூப்போட்ட பாவாடை தைத்துத் தயாராக இருந்தது. “நான் ஆடமாட்டேன்” என்றாள். மே மாத வெயிலில் நாய்கூடத் திண்டாடும் எங்கள் ஊரில் ஸ்வெட்டரைக் கழற்ற மறுத்தாள், குளிக்கவும் தனியாகவே போனாள். காலையில் பள்ளிக்குக் கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை நானே பிடித்து இழுத்துக் குளிக்க வைத்தேன். ஸ்வெட்டரை உருவினேன். நெஞ்சின் நடுவே, கறுப்புக் காகிதத்தில் வெட்டிய எட்டு மூலை முத்திரை. என் கடை டேப்பால் ஒட்டியிருந்தாள். வியர்வையில் தோல் சிவந்திருந்தது.

“என்னடி இது?”

“மிஸ் சொன்னாங்கல்ல, எடை அதிகம்னு. அதிகம்னா முத்திரை ஒட்டணும்.”

“சரி, பள்ளிக்கூடம் போக ஏன் அழற?”

“முத்திரை இருக்கிறத ஸ்கூலுக்குள்ள விடமாட்டாங்கம்மா. வாசல்லயே பிடுங்கிடுவாங்க. யாரும் பாத்திரக் கூடாதுன்னுதான் ஸ்வெட்டர் போட்டேன்.”

உண்மைதான். முத்திரை உள்ள எதையும் பள்ளிக்குள் விற்கக் கூடாது என்பது சட்டம். வாசலில் பிஸ்கட்டைக்கூட வாங்கி வைத்துவிடுவார்கள். என் பிள்ளை தன்னையும் அந்தப் பிஸ்கட்டோடு சேர்த்துவிட்டாள். எண்ணெய் தடவி டேப்பை எடுத்தபோது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். ஆனால் அந்தக் காகிதத்தை என்னிடம் தராமல் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பு தொடங்குமுன்பே நோயெமியைப் பிடித்துக்கொண்டேன். அம்மாக்கள் எல்லோரும் பார்க்க, ஒரு வார்த்தை மிச்சம் வைக்காமல் கேட்டேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

“தப்பு என்னோடது. அவ எதிர்ல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.” பாயில் பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். “இன்னிக்கு சமையல் இல்ல. ஒரு வேட்டை. முற்றத்துல எதெதுல முத்திரை இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க, ஓடுங்க!”

பிள்ளைகள் பறந்தார்கள். மாமரத்தைச் சுற்றினார்கள். “இல்ல மிஸ்!” வாழைத்தாரைத் தடவினார்கள். “இல்ல!” காவல்காரரின் நாயைப் புரட்டிப் போட்டு வயிற்றைப் பார்த்தார்கள். “இதுலயும் இல்ல!” குப்பைத்தொட்டியில் கிடந்த சிப்ஸ் கவரைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி கத்தினாள்: “இதுல இருக்கு!”

“அப்போ முத்திரை எதுல இருக்கும்?”

“கவர்ல!”

“உங்க மேல இருக்கா?”

அத்தனை பிள்ளைகளும் சட்டையைத் தூக்கிக் குனிந்து தங்கள் தொப்பையைப் பார்த்தார்கள். சுலேமா மட்டும் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பக்கத்தில் நின்ற தோழி ரொசாலிண்டாவின் வயிற்றைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் தன் ஸ்வெட்டரைத் தூக்கினாள்.

“எனக்குக் கவரே இல்ல, மிஸ்.”

“உனக்கு மட்டுமில்ல, யாருக்குமே இல்லடி தங்கம்.”

“அப்ப நான் உள்ள வரலாம்ல?”

நோயெமி ஆமென்று தலையாட்டினாள். சுலேமா ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் எறிந்துவிட்டு நாயோடு விளையாட ஓடினாள்.

மே பத்தாம் தேதி, அன்னையர் தினத்தன்று, அவள் முன்வரிசையில் ஆடினாள். குதிகாலால் மேடையை அவள் மிதித்த மிதியில் பலகை அதிர்ந்தது. தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. “யார் பிள்ளை அது?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். “என் பிள்ளை” என்றேன், கேட்டவளுக்கு மட்டுமல்ல, முற்றம் முழுவதற்கும் கேட்கும்படி.

ஆட்டம் முடிந்து வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தாள். எவெலியோ பெரிய கோலா பாட்டிலைத் திறந்து குவளை நிறைய ஊற்றி நீட்டினான். எங்கள் ஊரில் நீட்டியதை மறுத்தால் மனஸ்தாபம் வந்துவிடும். “குடி குண்டு, என்னமா ஆடின! சித்தப்பா கொடுத்தா வேணாம்னு சொல்லக் கூடாது.”

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள் பாட்டிலை வாங்கி முன்பக்கம் திருப்பினாள். பாவாடைப் பையிலிருந்து, கசங்கிப்போன தன் கறுப்புக் காகிதத்தை எடுத்துப் பாட்டிலின் இரண்டு முத்திரைகளுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டது.

“இதுவும் இதோடதுதான், சித்தப்பா. என்னோடது இல்ல” என்றாள். “எனக்குத் தண்ணி கொடு.”

எவெலியோ எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.