ஏற முடியாத ஃபோர்க்லிஃப்ட்

பெட்டி கட்டிலின் மேல் வாயைப் பிளந்து கிடந்தது. என் புடவைகள் உள்ளே போய்விட்டன. தங்கைக்கு வாங்கிய மேசை விளக்கும் போய்விட்டது. இவருடைய சட்டை மட்டும் நாற்காலி முதுகில் தொங்கியது. சட்டைக்காரர் வருகிறாரா இல்லையா என்று தெரிந்தால்தானே சட்டையை மடித்து வைப்பது?

மறுநாள் காலை என் தங்கைக்குக் கல்யாணம். சாயங்கால ரயிலைப் பிடித்தாக வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு இவர் வரவில்லை. வேலை. "கல்யாணத்துக்கும் மாமா வரலைன்னா உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்க்கா" என்று சொல்லியிருந்தாள் தங்கை. சொன்னால் செய்கிறவள்.

என் கணவர் பின்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வீடியோ கேம்களுக்குச் சாமான் செய்கிறவர். துப்பாக்கி, பேய், பிசாசெல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். இவருக்கு வாய்த்தது பீப்பாய், மரப்பெட்டி, மேசை. இந்த மாதம் ஃபோர்க்லிஃப்ட். கிடங்குகளில் இரண்டு இரும்புக் கொம்பை நீட்டிக்கொண்டு பாரம் தூக்குமே, அந்த வண்டி.

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் சக்கைப்போடு போட்ட ஒரு துப்பாக்கி விளையாட்டை மெருகேற்றி மறுபடி விற்கப்போகிறார்கள். பழையதில் கிடங்கின் மூலையில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் நிற்கும். மஞ்சள் சோப்புக்கட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இவர் சும்மா இருந்தாரா? சீட்டில் கிழிசல், ஸ்டியரிங்கில் கை பட்ட தேய்மானம், டயரில் காய்ந்த சேறு என்று தத்ரூபமாகச் செய்து வைத்துவிட்டார். வந்தது வினை.

விளையாட்டு வெளிவருவதற்கு முன் ஆடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. அத்தனை பேரும் பேய்களை அம்போவென்று விட்டுவிட்டு ஃபோர்க்லிஃப்டில் ஏறத் துடித்தார்கள். அதில் ஏற முடியாது. அது வெறும் அலங்காரம். இவர் சாவியை எடுத்தார். அவர்கள் சாவியைத் தேடினார்கள். டயரில் காற்றை இறக்கினார். மாற்று டயருக்காகக் கிடங்கைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். 'பழுது' என்று அட்டை மாட்டினார். ஸ்பானர் எங்கே என்று கேட்டு எழுதினார்கள்.

"பேசாம வண்டியையே தூக்கிடுங்களேன்" என்றேன், வாசலில் நின்றபடி.

"தூக்கினா பழைய ரசிகனுங்க என்னைத் தூக்கிடுவானுங்க. ஒரு பீப்பா அரையடி நகந்ததுக்கே ஊரைக் கூட்டிட்டானுங்க."

"சரி, டாக்ஸிக்குச் சொல்லிடவா?"

"ம்."

"ம்னா? சொல்லவா, வேண்டாமா?"

"பாக்கறேன்."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். முன்பின் தெரியாதவர்கள்கூட முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். தாலி கட்டினவரிடம்தான் 'ம்' வாங்க வேண்டியிருக்கிறது.

போன் அடித்தது. திரையில் 'கொசு' என்று வந்தது. இவருடைய குழுத் தலைவர். காதோரமே ரீங்காரம் செய்வதால் இவர் வைத்த பெயர்.

"பாக்கறேன் சார்... பாக்கறேன் சார்" என்று இவர் போனை வைத்தார். கொஞ்ச நேரத்தில் கொசு மறுபடி வந்தது.

டீயைக் கொண்டுபோய் வைத்தேன். "நீயே பாரு. இதுல என்னதான் இருக்குன்னு எல்லாரும் இப்படித் தொங்குறாங்க?" என்று எழுந்து நாற்காலியைத் தந்தார்.

உட்கார்ந்தேன். கிடங்கு, மங்கலான விளக்கு, மூலையில் மஞ்சளாக அது. அழகாகத்தான் இருந்தது, பாவி மனிதர். கிட்டே போய்ப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன்.

"நீயுமா!" என்று தலையில் கை வைத்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பின்னே? ஏதாவது ஒண்ணு சொன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்ல? ஆமான்னாவது சொல்லணும், இல்லைன்னாவது சொல்லணும். கல்லுப்பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தா இன்னும் நாலு குத்து குத்தத்தான் தோணும்!"

"நீ வண்டியைச் சொல்றியா, என்னைச் சொல்றியா?"

"ரெண்டும் ஒரே கம்பெனிதான். தள்ளுங்க."

எழுந்து வந்துவிட்டேன். இரண்டு பேருமாகப் போக இருந்த பயணத்துக்கு ஒருத்தியாகப் போவது என்று மனதைத் தேற்றிக்கொண்டு டாக்ஸிக்குச் சொன்னேன். பின்னறையிலிருந்து திடீரென்று 'பாம்' என்று ஒரு ஹாரன் சத்தம். மறுபடி 'பாம்'.

எட்டிப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடிக்கிறது. அவ்வளவுதான். ஏறவும் முடியாது, நகரவும் செய்யாது. அதை அனுப்பிவிட்டு, ஆடிப் பார்க்கிறவர்களின் வீடியோ பதிவுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதிவு வந்தது. ஒருத்தன் அழுத்தினான். 'பாம்.' சிரித்துவிட்டுப் பேயைச் சுடப் போய்விட்டான். அடுத்தவள் இரண்டு 'பாம்'. போய்விட்டாள். ஒரு கிறுக்கன் மட்டும் ஹாரனில் பாட்டு வாசித்துவிட்டுப் போனான்.

"பதில் கிடைச்சதும் போயிட்டாங்க" என்றார் இவர், என்னவோ பூமி உருண்டை என்று கண்டுபிடித்தவர் போல.

"அதைத்தானே தொண்டை கிழியக் கத்தினேன்!"

கொசு வந்தது. குரல் எனக்கே கேட்டது. "பிரமாதம்யா! துறைமுகக் காட்சியில இன்னும் ஃபோர்க்லிஃப்டுங்க இருக்கில்ல, எல்லாத்துக்கும் ஹாரன் வெச்சுடு. இன்னிக்கே முடிச்சுடலாமா?"

நான் நாற்காலி முதுகில் கிடந்த சட்டையை எடுத்து, அலமாரியில் மாட்டப் போனேன்.

"முடியாது சார்" என்றார் இவர்.

நின்றேன்.

"மச்சினி கல்யாணம். திங்கட்கிழமைதான் தொடுவேன்."

மறுமுனையிலிருந்து, "சரி, திங்கட்கிழமை பாத்துக்கலாம்." அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டது.

இவர் போனையே வெறித்தார். "சரின்னுட்டார்டி."

"இத்தனை வருஷமா நீங்க முடியாதுன்னே சொன்னதில்லையே. அவருக்கு எப்படித் தெரியும்?" சட்டையைப் பெட்டிக்குள் திணித்தேன். மடிக்கக்கூட இல்லை. மனசு மாறுவதற்குள் மூடிவிட வேண்டுமே.

இவரே தங்கைக்குப் போன் போட்டார். "மாமா வர்றேன்."

"விளையாடாதீங்க மாமா. அக்காகிட்ட குடுங்க." வாங்கினேன். "நிஜமாவாக்கா?"

"நிஜமாதான்டி. வர்றார்."

"நம்ப மாட்டேன். ரயில்ல முதல்ல அவரை ஏத்து. உக்காந்ததைப் பாத்துட்டு அப்புறம் நீ ஏறு."

அப்படியேதான் செய்தேன்.