அந்தரத்தில் நிற்பது

பக்தவச்சலத்தின் ஹெலிகாப்டர் மூன்றாவது தடவையாக விழுந்தபோது, செங்கை வானூர்திப் பேரவையின் மொத்த உறுப்பினர்களும், அதாவது நான்கு பேரும், துக்க வீட்டுக்குப் போகிறவர்களைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தார்கள். திருவிடந்தைக்கு மேற்கே விலைபோகாமல் கிடந்த மனைப்பிரிவு அது. வாசலில் வளைவு கட்டி, மஞ்சள் கல் நட்டு, தெருவுக்கெல்லாம் மரங்களின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். மரம் மட்டும் ஒன்றுகூட இல்லை. பேரவை அந்த இடத்தை 'ஏர்ஃபீல்டு' என்று அழைத்தது. அங்கே மாடு மேய்க்க வருகிறவர்கள் இன்னும் பொட்டல் என்றுதான் சொன்னார்கள். வேம்புத் தெருவும் தேக்குத் தெருவும் சேரும் முனையில், வால் ஒடிந்து, மேல்விசிறியின் ஒரு சிறகு பிய்ந்து, வயிற்றுக் கம்பிகள் வெளியே தெரிய ஹெலிகாப்டர் ஒருக்களித்துக் கிடந்தது.

"யாரும் தொடாதீங்கோ. விசாரணை முடியறவரைக்கும் கெடக்கற எடத்துலயே கெடக்கட்டும்" என்றார் தலைவர் லக்ஷ்மிநாராயணன். பேரவையில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். விமான நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அது வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் பிரிவு என்பதை அவராகச் சொல்வதில்லை. மற்றவர்களும் மரியாதைக்காகக் கேட்பதில்லை. "இன்னொண்ணு. க்ராஷ்னு யாரும் சொல்லப்படாது. இன்ஸிடென்ட்."

முதல் இன்ஸிடென்ட்டுக்குக் காரணம் கடற்காற்று என்று கேப்டன் தீர்ப்பளித்திருந்தார். இரண்டாவதற்கு பேட்டரி. இந்த முறை அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒடிந்த தண்டை முகர்ந்துகூடப் பார்த்துவிட்டு, உலோகச் சோர்வு என்றார். "மனுஷாளுக்கு மட்டும்தான் அசதின்னு நினைக்காதீங்கோ. இரும்புக்கும் உண்டு."

பக்தவச்சலம் மூன்று காரணங்களுக்கும் ஒரே மாதிரிதான் தலையாட்டினார். அதற்குள் வலது கையை பேன்ட் பைக்குள் விட்டிருந்தார்.

மறைமலைநகர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் அவர் கிரேன் ஓட்டியவர். மேலிருந்து இன்ஜினை இறக்கி அதன் இருக்கையில் வைக்கும்போது சத்தமே கேட்காது. மற்ற ஷிஃப்டில் 'டங்' என்று விழுந்தால், "இன்னாடா, இன்னிக்கு பக்தா கை இல்லியா?" என்று கீழே நிற்பவர்கள் கேட்பார்கள். ஓய்வு பெற்ற அன்றைக்குப் போட்ட சால்வை எங்கே போயிற்று என்று தெரியாது. அந்தப் பேச்சு மட்டும் கூடவே வந்துவிட்டது. அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்றுதான் கையில் வந்த பணத்தைப் போட்டு ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர் வாங்கினார். ஒவ்வொரு தடவை விழுந்ததற்கும் பாகங்கள் எங்கோ சீனத்திலிருந்து கப்பலேறி வரவேண்டும். வேண்டா, அவருடைய மனைவி, அந்தப் பொட்டலங்களை வாங்கி உள்ளே வைக்கும்போதெல்லாம், "இத்துனூண்டு திருகாணிக்கு இம்மாம் பெரிய டப்பா" என்று மட்டும் சொல்வாள். அதற்கு மேல் கேட்டதில்லை.

இந்த விளையாட்டில் வெளியாட்களுக்கு விளங்காத சங்கதி ஒன்று உண்டு. ஹெலிகாப்டரைக் குப்புறக் கவிழ்ப்பதும் குட்டிக்கரணம் போட வைப்பதும் பார்க்கத்தான் பிரமாதம். உண்மையில் கஷ்டம், அதை அந்தரத்தில் ஓர் இடத்தில் சும்மா நிறுத்துவது. அப்போது கட்டைவிரல் ரிமோட்டின் குச்சிமேல் இருந்தும் இல்லாததுபோல் இருக்க வேண்டும். வண்டி ஒரு நூல் சாயும். விரல் அரை நூல் பதில் சொல்ல வேண்டும். பக்தவச்சலம் கரணம் அடித்தபோதெல்லாம் அது விழவே இல்லை. மூன்று தடவையும் விழுந்தது நிறுத்திப் பிடித்தபோதுதான்.

போன மழைக்காலத்தில் அவர் அதைப் பார்த்துவிட்டார். டி.வி. எதிரில் உட்கார்ந்திருந்தபோது, மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருநீற்றை எடுத்து நுணுக்குவதுபோல ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. அவர் சொல்லி அவை அதைச் செய்யவில்லை. ஒரு டம்ளரை எடுத்தால் நின்றுவிடும். வைத்தால் திரும்ப ஆரம்பிக்கும். வேலை கொடுத்தால் அடங்கி, ஓய்வு கொடுத்தால் ஆடும் கை. அன்றிலிருந்து அவர் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்காரப் பழகினார். ஈ.சி.ஆரில் லாரிக்காரன் எல்லாம் கண்மண் தெரியாமல் வருகிறான் என்று சொல்லி ஸ்கூட்டரை நிறுத்தினார். ஒருநாள் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி வாசல்வரை போய், அங்கே விற்ற கொய்யாப்பழத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அது அவருடைய கை இல்லை; அந்தப் பெயருடைய கை.

நான்காவது தடவைக்குக் கண்ணாயிரம் காரணம். பேரவையின் பொருளாளர், மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருந்தார். வெளிநாட்டு ஓட்டல்களுக்குப் பிள்ளையார் அனுப்புகிறவர். பேரவையிலேயே விலை உயர்ந்த ஹெலிகாப்டர் அவருடையதுதான். வாங்கியதிலிருந்து அதைத் தினமும் துடைப்பார், கற்பூரமும் காட்டுவார், பறக்க மட்டும் விட்டதில்லை. புது ஷோரூம் திறக்கப்போவதாகவும், வாசலில் எட்டடிப் பிள்ளையார் வைத்திருப்பதாகவும், ஹெலிகாப்டர் மேலேயிருந்து பூத்தூவ வேண்டும் என்றும் வந்து நின்றார்.

"உங்களுதுல தூவலாமே" என்றார் பக்தவச்சலம்.

"ஐயோ அண்ணாத்த, அதுல அழுக்குப் படும்." கண்ணாயிரத்துக்கு அதுவே போதுமான பதிலாகத் தோன்றியது. "இந்தா, பேனரே அடிச்சாச்சு. இன்னும் இன்னா யோசன?"

போனை நீட்டினார். பேனரில் நிஜமான ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று பறந்தது. அதன் ஓட்டி இருக்கையில், என்றோ ஒரு கல்யாணத்தில் எடுத்த பக்தவச்சலத்தின் முகம் சந்தனப் பொட்டோடு ஒட்டப்பட்டிருந்தது. கீழே 'விமானி பக்தவச்சலம் அவர்கள்'. பேனரில் முகம் வந்த பிறகு ஒருவர் மாட்டேன் என்று சொன்னதாக அந்த ஊரில் இதுவரை கேள்விப்பட்டதில்லை. நிறுத்திப் பிடிக்கும் வேலைதான் அது. ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷம் நின்றுவிட்டால் போதும், கை தன்னுடையதுதான் என்று தானாவது நம்பலாம் என்று நினைத்தார்.

அன்றைக்கு வேண்டாவும் கூட வந்தாள். அதுவரை பொட்டலுக்குக்கூட வந்ததில்லை. ஷோரூமுக்குப் பின்னால், அரைகுறை யானைகளுக்கும் தலையில்லாத நந்திக்கும் நடுவே அவர் பேட்டரியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, முந்தானை முடிச்சிலிருந்து கறுப்புக் கயிறு ஒன்றை எடுத்தாள்.

"இன்னாமே அது?"

"மூணுவாட்டி வுழுந்துச்சுல்ல. கண்ணு பட்ருக்கும். கோயில்ல வெச்சு எடுத்தாந்தேன்."

"வேணா வேணா."

"எதுக்கு ரெண்டுவாட்டி என் பேரச் சொல்றீங்க?" என்று சிரித்துக்கொண்டே, வாலின் நுனியில் மூன்று முடிச்சுப் போட்டாள். கயிற்றின் இரண்டு முனைகளும் ஒரு சாண் தொங்கின. தொங்கினால்தான் அது கண்ணில் படும், கண் கழியும் என்பது அவள் கணக்கு. படாளம் பக்கம் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள் அவள். அடுத்தது ஆணாக இருக்கட்டும் என்று வேண்டா என்று பெயர் வைத்தார்கள். அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தபோது, இவள் ராசிதான் என்று அதையும் இவள் தலையில்தான் கட்டினார்கள். எந்தப் பழியையும் வாசலிலேயே பார்த்து, வா என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கும் பழக்கம் அவளுக்கு அங்கேயே வந்துவிட்டது. கயிறு வால்விசிறிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அவர் கவனித்தார். அவிழ்க்க வேண்டும் என்றால் விரல்களால் முடிச்சை நோண்ட வேண்டும். அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். விட்டுவிட்டார்.

நாதஸ்வரம் முடிந்து, கவுன்சிலர் பேசி முடித்து, கேப்டன் மைக்கைப் பிடித்து வானூர்தி வரலாற்றைப் புஷ்பக விமானத்திலிருந்து ஆரம்பித்து அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது, கண்ணாயிரம் கையைக் காட்டினார். பக்தவச்சலம் குச்சியைத் தள்ளினார்.

கூட்டம் வாயைப் பிளந்தது. சாமந்தி இதழ் நிறைந்த காகிதக் கிண்ணத்தைச் சுமந்துகொண்டு அது கூரைக்கு மேலே போயிற்று, கடற்கரைப் பக்கம் ஒரு வட்டம் அடித்தது, திரும்பி வந்து பிள்ளையாரின் தலைக்கு நேர் மேலே நின்றது. நின்றேவிட்டது. மேலேயிருந்து ஆணியடித்துத் தொங்கவிட்டதுபோல் அசையாமல் நின்ற அதைப் பார்க்க அவருக்கே கண் கலங்கியது. சத்தமில்லாமல் இன்ஜின் இறங்கும் அந்தப் பழைய அமைதி தோளில் வந்து உட்கார்ந்தது.

அப்புறம் கட்டைவிரல் திருநீறு நுணுக்க ஆரம்பித்தது.

மேலே ஹெலிகாப்டர் மூக்கை ஆட்டியது. ஒருமுறை, இன்னொருமுறை. தனக்குத்தான் வணக்கம் வைக்கிறது என்று நினைத்த கவுன்சிலர் எழுந்து பதிலுக்குக் கும்பிட்டார். அவர் கையை இறக்குவதற்குள் அது பக்கவாட்டில் சரிந்து, பிள்ளையாரின் தோளை உரசி, செருப்புக் குவியலின்மேல் விழுந்தது. இதழ்கள் அத்தனையும் செருப்புகளுக்கு அர்ச்சனையாயின. யாருக்கும் அடியில்லை. கண்ணாயிரம் ஓடிப்போய்ப் பிள்ளையாரைக் காதிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். சிற்பக்கூடத்தில் செத்தாலும் சொல்லக்கூடாத வார்த்தை பின்னம் என்பது. ஒரு செதில் பெயர்ந்த சாமி சாமி இல்லை, வெறும் கல். "பின்னம் இல்ல, பின்னம் இல்ல" என்று அவரே அதை உரக்கச் சொல்லிக்கொண்டு ஓடி வந்தார்.

கேப்டன் அதற்குள் முட்டி போட்டிருந்தார். வால்விசிறியிலிருந்து எதையோ பிரித்து எடுத்து இரண்டு விரலால் உயர்த்திப் பிடித்தார். சுற்றிச் சுற்றி இறுகிப்போன கறுப்புக் கயிறு. அவருடைய வாழ்நாளில் முதல்முறையாக ஓர் உண்மையான தடயம் கையில் கிடைத்திருக்கிறது.

"ஃபாரின் ஆப்ஜெக்ட்!" மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "யார் கட்டினது இதை?"

"நாந்தாங்க" என்றாள் வேண்டா. கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

"இன்னா தங்கச்சி நீ" என்றார் கண்ணாயிரம். "எலுமிச்சம்பழத்த சக்கரத்துக்கு அடியில வெப்பாங்க, இன்ஜினுக்குள்ளயா வெப்பாங்க? விசிறியில போயி கயித்தக் கட்டிகினு. சபையில மானம் போச்சே!"

"தெரியாதுங்க. நல்லதுக்குன்னு..." அவள் கூட்டத்தைப் பார்க்காமல் செருப்புகளுக்கு நடுவே குனிந்து, உடைந்த துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட ஆரம்பித்தாள். எது ஹெலிகாப்டர், எது செருப்பு வார் என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டையும் பொறுக்கினாள்.

பக்தவச்சலத்துக்குத் தெரியும். வால்விசிறி நின்றால் ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றும்; சரியாது. இது சுற்றவில்லை, சரிந்தது. கயிறு சுற்றிக்கொண்டது விழுந்த பிறகு. கேப்டன் தபாலில் வரவழைத்துப் படித்த புத்தகங்களில் முதல் பாடமே அதுதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தார். கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்தது. பேனரில் சந்தனப் பொட்டோடு இருந்த விமானியும் பார்த்தார்.

"போவட்டும் வுடுமே" என்றார். "தெரியாம பண்ணது. பரவால்ல."

ஆஹா என்றார்கள். இவ்வளவு விலை சாமானைப் பெண்டாட்டி நாசமாக்கியும் ஒரு சுடுசொல் இல்லையே என்றார் கவுன்சிலர்; அடுத்த கூட்டத்தில் இவருக்கு ஒரு சால்வை போட வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கேப்டன் பக்தவச்சலத்தின் தோளைத் தட்டி, "பைலட் எரர் இல்லே. ரெக்கார்டுல க்ளீனா இருக்கும்" என்றார். வேண்டா நிமிர்ந்து நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

செங்கல்பட்டு பஸ்ஸில் இருவர் இருக்கை கிடைத்தது. ஹெலிகாப்டரின் மிச்சத்தை இரண்டு மடியிலுமாகக் கிடத்திக்கொண்டார்கள். மூக்குப் பக்கம் அவள் பிடித்தாள், வால் பக்கம் அவர். வலது கை வாலின்மேல் சும்மா கிடந்தது; இடது கையால் ரிமோட் பெட்டியை அணைத்திருந்தார். தொடைக்கடியில் வைக்க ஒரு கையும் மிச்சமில்லை.

"ஊட்ல இருக்கிற அல்லாக் கயித்தையும் கழட்டிடப்போறேன்" என்றாள் அவள், கொஞ்ச தூரம் போன பிறகு. "ஸ்கூட்டர்ல, கேட்ல, மோட்டார்ல. என் கை பட்டாலே இப்பிடித்தான்."

"அதெல்லாம் இல்லமே."

"இல்லன்னா? உங்களுக்கு இன்னா கை! கம்பெனியே சொல்லும். அந்தக் கையில இருந்து வுழுதுன்னா, நான்தான வுழ வெச்சிருக்கணும்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "வேண்டா" என்று கூப்பிட்டார். மேற்கொண்டு சொல்ல இருந்ததைத் தேடுவதற்குள், அவர் ஏதோ வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார். பஸ்ஸின் நடுக்கம் மொத்தமும் அடங்கியது. வேர்க்கடலைக் கூடையோடு மல்லாட்டைக்காரி ஒருத்தி ஜன்னலோரம் கூவிக்கொண்டு போனாள். வேண்டா சட்டென்று குனிந்து மடியைப் பார்த்தாள்.

"இன்னாங்க, இது இன்னும் ஆடிக்கினு கீது."

அவர் ரிமோட் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"பேட்டரியக் கழட்டிட்டீங்கல்ல?"

"கழட்டிட்டேன்."

"அப்ப இன்னா ஆடுது? உசுரு கீதா இன்னும்?"

கையை எடுத்தால் வால் சரிந்து கீழே விழும். எடுக்காமல் இருந்தார். அவள் உடைந்த கூட்டின்மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, காய்ச்சல் எங்கே என்று பார்ப்பவளைப்போல, மூக்கிலிருந்து வயிற்றுக்கும், வயிற்றிலிருந்து வாலுக்கும், அந்தச் சின்ன அதிர்வு வரும் இடத்தைத் தேடி மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தாள்.