மூன்று வாரக் குரல்கள்

பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்குப் பயிற்சி தரும் அந்தச் சின்ன நிலையத்தில் வரவேற்பு மேசை அவளுடையது. பதிவுகளைச் சேமித்துவைக்கும் சர்வரும் அவள் பொறுப்புதான். நோயாளிகள் பேசுவதை ஒவ்வொரு முறையும் பதிவுசெய்து அதில் சேர்ப்பார்கள். மனம் விட்டுப்போனவர்களுக்கு அவர்களுடைய பழைய குரலைப் போட்டுக்காட்டி, "பாருங்க, எங்கேருந்து எங்கே வந்துட்டீங்க!" என்பார் பேச்சு டாக்டரம்மா. அதைவிடப் பெரிய மருந்து அங்கே கிடையாது.

சாயங்காலம் கிளம்புமுன் சர்வரிலிருந்து எல்லாப் பதிவுகளின் நகலும் இருக்கும் டிஸ்கைக் கழற்றி, வேறொன்றைச் செருகுவாள். கழற்றியது அவளோடு வீட்டுக்குப் போகும். கட்டடத்துக்கே ஏதாவது ஆனாலும் நகல் பிழைக்க வேண்டுமே. மாதக் கடைசி டிஸ்க் மட்டும் டாக்டரம்மா வீட்டில் இருக்கும்.

பஸ் ஓட்டும் அவள் கணவனுக்கு இது தீராத கேலி. "கைக்குழந்தைக்கு வெயில் படலியே?" என்பான்.

"உங்களை மாதிரி குறட்டை விடாது, அதுவே நிம்மதி" என்று சொல்லிக்கொண்டே அலமாரியின் மேல்தட்டில், துண்டுகளுக்கு நடுவே அதை வைப்பாள்.

ஒரு திங்கள்கிழமை காலை கதவைத் திறந்தால் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். மேல்மாடியில் குழாய் வெடித்து, விடுமுறை முழுக்க ஒழுகியிருக்கிறது. கூரைப்பலகை ஊறிச் சரிந்ததில் சர்வரும் அதிலிருந்த டிஸ்கும் தொப்பலாகிக் கிடந்தன. டாக்டரம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பதறாதீங்கம்மா, வீட்ல ஒண்ணு பத்திரமா இருக்கு" என்று அவரைத் தேற்றிவிட்டு, கணவனுக்குப் போன் செய்தாள். அன்று அவனுக்கு ஓய்வு நாள். "கொண்டாரேன்" என்ற குரலில் சுரத்தே இல்லை. இருந்த அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர் தன் கருவியில் கணவன் கொண்டுவந்த டிஸ்கைச் செருகினார். எதுவும் திறக்கவில்லை; உள்ளே டிக், டிக் என்று சத்தம். காதை அருகே வைத்துக் கேட்டார்.

"இது கீழே விழுந்துச்சா?"

"சேச்சே! கண்ணு மாதிரி பாத்துக்கறேன்..."

"விழுந்துச்சு" என்றான் கணவன், தரையைப் பார்த்தபடி. "வெள்ளிக்கிழமை ராத்திரி துண்டை உருவினேன், கூடவே வந்துடுச்சு. வெளியே ஒரு கீறல்கூட இல்ல. நீ பயந்துடுவியேன்னு..."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சனிக்கிழமையே வந்து வேற ஒண்ணு எடுத்திருப்பேனே!" என்றாள். அன்று அவனோடு அதற்குமேல் ஒரு பேச்சும் இல்லை.

டாக்டரம்மா வீட்டு டிஸ்க் கைகொடுத்தது. கடைசி மூன்று வாரம்தான் போயிற்று. ஆனால் அந்த மூன்று வாரத்துக்குள்தான், வருஷக்கணக்காக வாய் திறக்காத ஒரு தையல்காரர் முதன்முதலாகத் தன் மனைவியின் பெயரைச் சொல்லியிருந்தார். மறுபடி கேட்கணும் போலிருக்கு என்று அந்த மனைவி பதிவைத் தரச்சொல்லியிருந்தார்.

எப்படிச் சொல்வது என்று அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்ததைப் பார்த்த கணவன், "போன்ல வேண்டாம். நேர்ல போலாம். நானே சொல்றேன்" என்றான். இரண்டு நாளில் அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது.

தையல்காரர் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். "தப்பு என்னோடதும்மா. இவ மேல கோவப்படாதீங்க."

தையல்காரரின் மனைவிக்குக் கண் கலங்கியது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"அது திரும்ப வராதுதான்" என்றார். "ஆனா தம்பி, இப்பல்லாம் விடிஞ்சா அடைஞ்சா அந்தப் பேரைச் சொல்லித்தான் என்னை விரட்டறார். காப்பியில சக்கரை பத்தலன்னா போதும்."

உள்ளேயிருந்து ஒரு கரகரத்த குரல் கோணலாக, ஆனால் தெளிவாகவே வந்தது: "யா...ரு?"

"உங்களைப் பேசவச்சவங்க!" என்று கத்தினார் அந்த அம்மா. பிறகு அவளிடம், "போன்ல பதிவு பண்ண முடியுமாம்மா? கோவமா இருக்கறப்பதான் நல்லா பேசுவார். உள்ள வாங்க, நான் கொஞ்சம் கிளப்பிவிடறேன்" என்றார்.

அவள் போனை எடுத்தாள். கணவன் தயங்கி வெளியிலேயே நின்றான். அவன் சட்டைக்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.