கோச்சுக்கு ஒரு பாஸ்

மைக்கேல்ராஜ் பந்தாடிய காலத்தில் அவருக்கு எதிரணியில் பதினொரு பேர், சொந்த அணியில் பத்துப் பேர், ஆக மொத்தம் இருபத்தொரு எதிரிகள் என்று சொல்வார்கள். பந்து காலுக்கு வந்துவிட்டால் யாருக்கும் கொடுக்க மாட்டார். சென்னையில் ஒன்பது வருடம் லீக் ஆடினார். கோலும் போட்டார், திட்டும் வாங்கினார். கடைசியில் முழங்கால் பழுதாகி ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். கம்பெனி அணிக்குக் கோச் என்பதால் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற வேலை அவருக்கு அரை நாள்தான்.

நான் பகலவன். குவாலிட்டியில் இருக்கிறேன், அணியில் கோல்கீப்பர். அடுத்தவன் செய்த தப்பு கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும், இரண்டு இடத்திலும். அதனால் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்.

கம்பெனிகளுக்கான போட்டியில் மூன்று வருடமாக முதல் மேட்சிலேயே தோற்று, மதியச் சாப்பாட்டுக்குக் கேன்டீனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இந்த வருடம் எச்.ஆர். மேனேஜர் தசரதன் மைக்கேலைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“இந்த வாட்டியும் மொத மேட்ச்லயே வந்துட்டீங்கன்னா கிரவுண்டுல ஸ்டாஃப் பஸ் நிறுத்திக்கிறோம், மைக்கேல். நீங்க முழு நாளும் பிரஸ் ஷாப்புக்கே வந்துடுங்க.”

அன்றைக்கு மைக்கேல் டீயைக்கூடக் குடிக்கவில்லை. “பந்த வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும், பகலா?” என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

போன வருடத்து ஆட்கள் வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டதால் என்னைத் தவிர அணி முழுக்கப் புதுசு. லோகேஷும் இன்னும் நான்கு பேரும் ஒரு ஷிஃப்ட். சாம்சனும் இன்னும் நான்கு பேரும் அடுத்த ஷிஃப்ட். இவர்கள் கேட்டுக்குள் போகும்போது அவர்கள் வெளியே வருவார்கள். அதனால் காலையில் ஐந்து பேருக்குப் பயிற்சி, சாயங்காலம் ஐந்து பேருக்குப் பயிற்சி. ஜெனரல் ஷிஃப்டில் இருக்கிற நான் மட்டும் இரண்டுக்கும் போய், இரண்டு வேளையும் அடி வாங்குவேன்.

ஐந்து பேரை வைத்து என்ன ஆடுவது? மைக்கேலே ஆறாவது ஆளாக இறங்குவார். முழங்கால் ஒத்துழைக்காததால் ஓட மாட்டார். வலது ஓரத்தில் வெள்ளைக்கோட்டின் மேலேயே நின்றுகொண்டு, “குடு, குடு, எனக்குக் குடு” என்பார். பந்து வந்ததும் என் மூஞ்சியைப் பார்த்து அடிப்பார். யாருக்கும் திருப்பிக் கொடுத்ததே இல்லை. நாற்பத்தொரு வயதில் பழக்கம் எங்கே போகும்? மூன்று மாதம் இப்படியே ஓடியது.

மேட்ச் ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டையில். பதினொரு பேரும் சேர்ந்து நின்றது அன்றைக்குத்தான். லோகேஷும் சாம்சனும் கைகுலுக்கி ஒருவருக்கொருவர் ஊர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் விசில் ஊதிவிட்டது.

பத்தாவது நிமிடத்தில் எனக்கு ஒரு கோல் விழுந்தது. அதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை.

லோகேஷ் பந்தை நன்றாகத்தான் கொண்டுபோனான். எதிரே ஒருவருமில்லை. திடீரென்று வலது பக்கம் தட்டிவிட்டான். அங்கே நம் ஆள் யாரும் கிடையாது. பந்து கோட்டைத் தாண்டிப் போய், வெளியே நின்ற மைக்கேலின் ஷூவில் முட்டி நின்றது. அடுத்து சாம்சன். அதே இடம், அதே ஷூ. நான் எண்ணினேன், பாதி ஆட்டத்துக்குள் பதினாலு தடவை. குவாலிட்டியில் ஒரே குறை பதினாலு தகட்டில் வந்தால் நாங்கள் தகட்டைத் திட்ட மாட்டோம், மெஷினைத்தான் போய்ப் பார்ப்போம்.

இடைவேளையில் மைக்கேல் கத்திக்கொண்டிருந்தார். “கண்ணு இன்னா பொடனிலயா கீது? ஆளே இல்லாத எடத்துக்கு ஏண்டா தட்றீங்க?”

அவரைத் தனியே இழுத்துப் போனேன். “பசங்க மேல தப்பு இல்லண்ணா. மூணு மாசமா அந்த ஓரத்துல நின்னுக்கினு குடு குடுன்னது யாரு?”

அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் ஷூவையே பார்த்தார். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். “அப்போ என் பொழப்புல நானே மண்ண வாரிப் போட்டுக்கினேனா?”

“எங்கயாச்சும் போயி டீ குடிங்க. நீங்க கண்ணுல படலன்னா ஒழுங்கா ஆடுவானுங்க.”

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். எழுந்து பையன்களிடம் போனார். “எனக்கே குடுங்கடா. நான் எங்க நிக்கிறேன்னு மட்டும் பாத்துக்கோங்க.”

நொண்டி நொண்டி மைதானத்தைச் சுற்றிப் போய், எதிரணி கோலுக்குப் பின்னால், வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டார். “குடு, குடு” என்ற சத்தம் மைதானத்தைத் தாண்டி எனக்கே கேட்டது. அவர்கள் கோல்கீப்பர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

மூன்றாவது தடவை அவன் திரும்பியபோது லோகேஷ் கோச்சுக்குப் பந்தைக் கொடுத்தான். ஒன்றுக்கு ஒன்று.

கடைசி நிமிடம். லோகேஷ் முன்னால் மூன்று பேர் மறித்து நின்றார்கள். வலைக்குப் பின்னால் மைக்கேல் இடது பக்கம் நான்கு எட்டு நகர்ந்தார். மைதானத்துக்குள் அவருக்கு நேராக நின்றது சாம்சன். லோகேஷ் ஒரு கணம் தயங்கி, அந்த ஷிஃப்ட்காரனுக்குப் பந்தைத் தள்ளினான். சாம்சன் கோச்சைப் பார்த்து அடித்தான்.

எல்லோரும் மைக்கேலை நோக்கி ஓடினார்கள். கோலை அம்போவென்று விட்டுவிட்டு நானும் ஓடினேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்று, கண்ணிகளுக்குள் விரலை விட்டு எங்கள் சட்டைகளைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “என் காலுக்கு எத்தினியோ பந்து வந்துகீது, பகலா. இன்னிக்கு ரெண்டும் எங்கிட்ட வந்து சேரவேயில்ல. அதான் கோலு. இத்த அப்பவே எவனாச்சும் சொல்லியிருக்கலாம்.”

“உங்களோட ஆடின பத்து பேரும் சொல்லியிருப்பாங்கண்ணா.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “சொன்னானுங்க” என்றார்.

இப்போது பயிற்சியில் அவர் ஓரத்தில் நிற்பதில்லை. என் வலைக்குப் பின்னால் நின்று, இரண்டு வேளையும் என் காதிலேயே கத்துகிறார். கத்தட்டும். கிரவுண்டில் பஸ் நிற்கவில்லை.