பக்கத்து நாற்காலி

எங்கள் முடிதிருத்தும் கடையில் ஒரு சட்டம் உண்டு. பிளேஆஃப் ஆட்டத்தில் சொதப்பிய எங்கள் ஊர் பாஸ்கெட்பால் ஆட்டக்காரனின் படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டிவிடுவோம். திருப்பச் சொன்னவரே மனசு மாறித் தன் கையால் நேராக்கினால்தான் உண்டு. டெட்ராய்டில் எந்த நீதிமன்றமும் இவ்வளவு கறாராக நடப்பதில்லை.

போன வருஷம் அப்படித் திரும்பியது டிமேரியஸ் கேட்ஸின் படம். பாஸ்டனுக்கு எதிராக, தொடரை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் யாரும் தடுக்காமல் கூடையில் போடக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டான். திருப்பச் சொன்னவர் மிஸ்டர் புரூஸ்டர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எழுந்து போய்த் திருப்பி மாட்டியவர் எங்கள் முதல் நாற்காலிக்காரர் எல்ராய் அண்ணன். டிமேரியஸின் அப்பா.

"சட்டம்னா சட்டம்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டு முடிவெட்டும் மெஷினைக் கையில் எடுத்தார்.

மகன் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறான், இன்னும் ஏன் முடி வெட்டுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "அவன் வேலை அவனுக்கு, என் வேலை எனக்கு" என்பார். அவருக்கு ஒரு பழக்கம். தன் நாற்காலிக்குக் கூட்டம் சேர்ந்தால், "பக்கத்து நாற்காலி காலியா இருக்கு, வெர்னிடாகிட்ட போங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுவார். இந்தத் தெருவில் எனக்கென்று ஒரு பெயர் வந்ததே அவர் அனுப்பிய தலைகளால்தான். டிமேரியஸ் பள்ளி விட்டு வந்து, பெஞ்சில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தான்.

படம் திரும்பிய நாளிலிருந்து மிஸ்டர் புரூஸ்டர் எல்ராய் அண்ணனின் நாற்காலிப் பக்கமே போகவில்லை. நேராக என்னிடம் வந்து உட்கார்ந்துவிடுவார். முகம் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது.

இந்த வருஷமும் பாஸ்டன்தான். இந்த வருஷமும் ஏழாவது ஆட்டம் வரை போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் நிற்க இடமில்லை. மிஸ்டர் புரூஸ்டர் என் நாற்காலியில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"பாஸ்டன்காரன் கீலன் ரஷ்தாம்மா ஸ்டாரு. நெருக்கடி வந்தா பந்தைக் குடுன்னு கேட்டு வாங்கி அடிப்பான். நம்ம ஆளு தொடைநடுங்கி."

"அந்த ரஷ் போன ஆட்டத்துல எத்தனை வாட்டி பந்தைத் தொலைச்சான்னு பாத்தீங்களா? சும்மா அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடாதீங்க. தலை இப்ப என் கையில இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

கடையே சிரித்தது. எல்ராய் அண்ணன் சிரிக்கவில்லை. சீப்பைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். இன்று தோற்றால் அந்தப் படம் இனி என்றைக்குமே நேராகாது என்பது அவருக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடைசி நொடிகள். நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கி இருந்தோம். பந்து டிமேரியஸ் கையில். நான் மெஷினை அணைத்துவிட்டேன். ரஷ்ஷும் இன்னொருவனும் சேர்ந்து அவன்மேல் பாய்ந்தார்கள். டிமேரியஸ் எம்பினான். காற்றில் இருந்தபடியே பந்தை மூலைக்குத் தள்ளினான். அங்கே டோபின் என்று ஒருத்தன், அதுவரை யாருமே பேரைச் சொல்லாத ஆள், தனியாக நின்றான். அடித்தான். விழுந்தது. ஆட்டம் முடிந்த மணி ஒலித்தது.

கடை கிடுகிடுத்தது. நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்றே எனக்குத் தெரியாது. ஆனால் மிஸ்டர் புரூஸ்டர் அசையவில்லை.

"ஜெயிச்சது டோபின். உங்க ஆளு பயந்துபோய் பந்தைக் கைமாத்திட்டான். படம் அப்படியே இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தலையில் நடுவாக ஒரு ரோடு போட்டிருப்பேன். "மனுஷனாய்யா நீங்க?" என்று கத்தினேன். அதற்குள் யாரோ "உஷ்!" என்றார்கள். டிவியில் டிமேரியஸ், வேர்வை சொட்டச் சொட்ட. நிருபர் அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

"கடைசி அடியை நீங்களே அடிச்சிருக்கலாமே? போன வருஷம் வந்த கெட்ட பேரு போயிருக்குமே?"

டிமேரியஸ் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தான்.

"என்கிட்ட கூட்டமா இருந்துச்சு. பக்கத்து நாற்காலி காலியா இருந்துச்சு."

நிருபருக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த நாற்காலி?" என்றாள். அவன் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

எல்லோரும் எல்ராய் அண்ணனைப் பார்த்தோம். அவர் சீப்பைக் கையில் பிடித்தபடி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை எங்கள் கடையின் வார்த்தையைச் சொல்லியிருந்தான்.

மிஸ்டர் புரூஸ்டர் எழுந்தார். ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் வெட்டாத தலை. கழுத்தில் துணி தொங்க, சுவரருகே போய் நின்றார். படத்தை எடுத்தார். துணியின் நுனியால் கண்ணாடியைத் துடைத்து, நேராக மாட்டினார். இரண்டடி பின்னால் வந்து, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி போய்ச் சரிசெய்தார்.

பிறகு என் நாற்காலியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

எல்ராய் அண்ணன் தன் நாற்காலியைத் தட்டி, அவர் பக்கம் திருப்பினார்.

"இந்த நாற்காலியும் காலியாத்தான் இருக்கு, மிஸ்டர் புரூஸ்டர். வாங்க, மிச்சத்தை நான் முடிக்கிறேன்."