ஐந்தாவது தாளில் ஒரு பொட்டு

எருமையைப் பற்றி இராசதுரைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வவுணதீவில் நாற்பது எருமைகள் உள்ள பட்டி வைத்திருப்பவன். ஆனால் மனைவி தெய்வமணி தாளில் கீறிய எருமை மட்டும் அவனுக்குப் பிடிபடவேயில்லை.

சுனாமிக்குப் பிறகு கல்லடி முகாமில் பிள்ளைகளைப் பராமரிக்கப் போனவள், அங்கே கிடந்த மையையும் தூரிகையையும் எடுத்துக் கீறத் தொடங்கினாள். பிறகு கை நிற்கவில்லை. சண்டை முடிந்த மறுவருடம் புளியந்தீவில் ஓவியக் கண்காட்சி என்றதும், ஒரே எருமையை ஐந்து தாள்களில் கீறினாள். முதல் தாளைப் பார்த்ததுமே, இடக்கொம்பு சரிந்த தன் 'சரிகொம்பி' என்று இராசதுரை கண்டுகொண்டான். உடம்பில் ஒட்டிய சேறுகூட அப்படியே இருந்தது. இரண்டாவதில் கால்களைக் காணோம். மூன்றாவதில் வயிறும் போனது, நான்காவதில் முகமும் போனது. ஐந்தாவதில் மூன்றே மூன்று கோடுகள், ஒன்றின் ஓரத்தில் ஒரு பொட்டு மை.

"இத வீட்டில வச்சிட்டு வா. சனம் சிரிக்கும். மையையும் சிந்திப் போட்டாய்" என்று சொல்லித் தொலைத்தான். அதற்குப் பிறகு இரண்டு நாள் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

கண்காட்சியன்று மண்டபம் நிறையச் சனம். பொறுப்பாக இருந்த வினாயகமூர்த்தி மாஸ்டர் ஐந்தாவது தாளுக்கு முன்னால் நின்று தாடையைத் தடவினார்.

"தங்கச்சி, நாலும் அருமை. இது முடியல்லப் போல. கழட்டிருவமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். தெய்வமணி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, "இதக் கழட்டினா அஞ்சையும் கழட்டுங்க சேர்" என்று மட்டும் சொன்னாள்.

வெட்கத்தில் வாசலடிக்கு ஒதுங்கியிருந்த இராசதுரையின் காதிலும் அந்தச் சிரிப்பு விழுந்தது. சனம் சிரிக்கும் என்று முதலில் சொன்னவன் அவன்தானே! தலைகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அங்கிருந்து ஐந்து தாள்களும் ஒரே வரிசையாய்த் தெரிந்தன. பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். மறுகணம் சனத்தை இடித்துக்கொண்டு பாய்ந்தான்.

"கழட்டாதீங்க சேர்! மாடு ஒரு இடமும் போகல்ல. ஆத்துக்குள்ள இறங்கிரிச்சி!"

மாஸ்டர் திகைத்தார். இராசதுரை ஒவ்வொரு தாளாய்க் கை வைத்துக் காட்டினான். "இஞ்ச பாருங்க. ஆத்தில இறங்கினா முதல் கால் மறையும். மறுகா வயிறு. தூரத்தில நிண்டு பாத்தா முகமும் தெரியாது, முதுகும் கொம்பும்தான். இந்தா, நீளமாக் கிடக்கிறது முதுகு. இது நிமிர்ந்த கொம்பு, இது சரிஞ்ச கொம்பு. இதப் பாத்துத்தான் நாங்க பேர் சொல்லிக் கூப்பிடுற!"

"ஓம், ஓம்!" என்று கொக்கட்டிச்சோலைக்காரர் ஒருவர் முன்னுக்கு வந்தார். "ஷெல்லடிக்குள்ள எங்கட பட்டியும் இப்பிடித்தான் நீந்தி வந்த."

இரண்டாயிரத்து ஏழில் ஷெல் விழுந்தபோது தெய்வமணியைத் தோணியில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பிவிட்டு, இராசதுரை பட்டியை, ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியில் இறக்கினான். ஆயுசு முழுக்க மாடுகளுக்குப் பின்னால் தண்ணீருக்குள்ளேயே கிடந்தவன். கரையில் நின்று பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

"அப்ப இந்தப் பொட்டு?" என்றார் மாஸ்டர். "மை சிந்தினதா?"

இராசதுரை குனிந்து பார்த்தான். பொட்டு முதுகுக் கோட்டின் பின்முனையில் இருந்தது, வால் இருக்க வேண்டிய இடத்தில். ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் சரிகொம்பியின் வாலைப் பிடித்துக்கொண்டு நீந்துவது யார்? மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

இரண்டு நாளாய்ப் பேசாதிருந்த தெய்வமணி அப்போதுதான் அவனோடு பேசினாள். "அண்டைக்கு விடியத்திலயிருந்து மத்தியானம் வரைக்கும் கரையில நிண்டு அந்தப் பொட்டத்தான் பாத்துக்கொண்டிருந்தன். அது தாழவேயில்ல."

இராசதுரைக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவுமில்லை. மண்டபம் அதிரக் கத்தினான்: "சேர், அது நான்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. ஐந்தாவது தாளை மாஸ்டரே தன் கையால் கழற்றினார். கழற்றி, உள்ளே வருபவர் கண்ணில் முதலில் படும்படி வாசலுக்கு நேரே மாட்டினார். மண்டபம் பூட்டும்வரை இராசதுரை அதன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. வந்தவர் போனவர் எல்லாரையும் கூப்பிட்டு, பொட்டைக் காட்டி, "அது நான்" என்றான். தெய்வமணி ஒருதரம்கூட அவனைத் தடுக்கவில்லை.